கவனிப்பாரற்ற தெருநாயைக் கொண்டுவந்து வீடு தேடிக் கொடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தெருவில் ஒரு நாயைப் பார்த்தேன், மனசு கேட்கவில்லை. உடனே வீட்டுக்குக் கொண்டுவந்துவிடலாமா?

ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். அடிபட்டுக் கிடந்தால், புண்ணில் புழு வைத்திருந்தால், எழுந்து நடக்க முடியாமல் இருந்தால் காத்திருக்க வேண்டாம். மற்றபடி அந்த நாய் எங்கே தூங்குகிறது, யார் சோறு வைக்கிறார்கள், மற்ற நாய்கள் அதைச் சேர்த்துக்கொள்கின்றனவா என்று கவனியுங்கள். தெருவிலேயே பிறந்து வளர்ந்து, நாலு பேர் கையால் சாப்பிட்டு, சதையோடு பளபளப்பாகத் திரியும் நாய்க்கு நான்கு சுவர் ஒரு தண்டனையாகவும் ஆகிவிடலாம். அதற்குத் தேவை தடுப்பூசியும் கருத்தடையும்தான். அவற்றைச் செய்து பழைய இடத்திலேயே விட்டுவிடலாம்.

கொண்டுவர வேண்டியவை வேறு. நேற்றுவரை வீட்டில் வளர்ந்து இன்று தெருவில் விடப்பட்டவை, கூட்டத்தில் சேர முடியாமல் விரட்டப்படுபவை, முதுமையிலோ நோயிலோ தனித்துப்போனவை. தெருவில் விடப்பட்ட நாயைக் கண்டுபிடிப்பது எளிது. வண்டிக்கு ஒதுங்கத் தெரியாது, ஒவ்வொரு வாசலாக நின்று பார்க்கும், கழுத்தில் பட்டை கிடந்த இடத்தில் முடி தேய்ந்திருக்கும்.

குட்டிகள் மட்டும் தனியாகக் கிடக்கின்றன. அம்மாவைக் காணோம்.

அம்மா சாப்பாடு தேடிப் போயிருக்கும். வயிறு நிறைந்து, ஒன்றன்மேல் ஒன்று படுத்துச் சத்தமில்லாமல் தூங்கினால் அவற்றைத் தொடாதீர்கள். தூரத்தில் நின்று சில மணி நேரம் பாருங்கள். நீங்கள் பக்கத்திலேயே நின்றால் தாய் வராது. விடாமல் கத்தினால், உடம்பு சில்லிட்டிருந்தால், எறும்பு மொய்த்தால் எடுத்துத்தான் ஆக வேண்டும். அப்போது முதலில் சூடு, பிறகுதான் பால். உடம்பு சில்லிட்ட குட்டிக்குப் பால் கொடுத்தால் செரிக்காது, மூச்சுக்குழாயில் போகவும் வாய்ப்புண்டு.

தாயோடு இருக்கும் குட்டிகளை 8 வாரத்துக்கு முன் பிரிக்கக் கூடாது. 'சின்னதாக இருக்கும்போது கொடுத்தால்தான் ஒட்டும்' என்று கேட்பவர்களுக்கும் இதே பதில்தான். கடித்து விளையாடும்போது எவ்வளவு அழுத்தினால் வலிக்கும் என்பதைக் குட்டி கற்றுக்கொள்வது உடன்பிறப்புகளிடம்தான்.

அது யாருடைய நாயாவது இருந்தால்?

இருக்கலாம். தொலைந்து இரண்டு வாரம் ஆன வளர்ப்பு நாய் பார்ப்பதற்குத் தெருநாய் போலத்தான் இருக்கும். மெலிந்து அழுக்காக இருப்பதை வைத்து, வளர்த்தவர் கொடுமைக்காரர் என்று முடிவு கட்ட வேண்டாம். கால்நடை மருத்துவமனையில் மைக்ரோசிப் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கு அடியில் அரிசி அளவில் இருக்கும், கருவியைக் காட்டினால் ஓர் எண் வரும், அந்த எண்ணோடு வளர்ப்பவரின் பெயர் பதிவாகியிருக்கும். சிப் சில நேரம் நழுவி முன்னங்காலுக்குப் போய்விடும், அதனால் உடம்பு முழுக்கக் கருவியை ஓட்டிப் பார்க்க வேண்டும். காதின் நுனி வெட்டப்பட்டிருந்தால் பெரும்பாலும் ஏற்கெனவே கருத்தடை ஆன நாய் என்று பொருள்.

அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள், படம் போட்டு அறிவியுங்கள். ஆனால் படத்தில் ஓர் அடையாளத்தை மறைத்து வையுங்கள்: வயிற்றில் ஒரு வெள்ளைத் திட்டு, உடைந்த கோரைப்பல், இப்படி எதையாவது. என் நாய் என்று வருபவர் அதைச் சொல்லட்டும். அந்தந்த இடத்தில் எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்ற விதி இருந்தால் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பக்கத்தில் போனாலே ஓடுகிறது. எப்படிப் பிடிப்பது?

துரத்தாதீர்கள். ஒருமுறை துரத்தினால் பல நாள் உழைப்பு வீண். ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், மணம் வீசும் சாப்பாட்டை வைத்துவிட்டு விலகிப் போங்கள். நாளுக்கு நாள் விலகும் தூரத்தைக் குறையுங்கள். நிற்பதைவிட உட்காருவது நல்லது. நேராகப் பார்ப்பதைவிடப் பக்கவாட்டில் திரும்பி உட்காருவது இன்னும் நல்லது. கையை நீட்டித் தலையைத் தொடப் போகாதீர்கள், பழகாத நாய்க்கு மேலிருந்து வரும் கை அடிக்க வரும் கைதான். மிகவும் மிரண்ட நாய் என்றால் பொறிக்கூண்டு வைத்துப் பிடிக்கப் பழகியவர்களைக் கூப்பிடுவதே சரி.

வால் ஆட்டுகிறதே என்று நம்பிப் போகாதீர்கள். உடம்பு முழுவதும் நெளிந்து, வால் தளர்வாக ஆடினால் நட்பு. உடம்பு விறைத்து, வால் நுனி மட்டும் துடித்தால் 'அங்கேயே நில்' என்று அர்த்தம்.

பிடிக்கும்போது கடித்துவிட்டது. சின்னக் கீறல்தான்.

சின்னக் கீறலும் கடிதான். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள், கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். அதற்கு மேல் எதையும் தடவிக் கட்டாமல் அன்றே மருத்துவமனைக்குப் போய் ரேபிஸ் தடுப்பூசியைத் தொடங்குங்கள். காயத்தின் தன்மையைப் பொறுத்து, காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற, உடனடி எதிர்ப்புச் சக்தி தரும் ஊசியும் போடுவார்கள். அறிகுறி தெரிந்த பிறகு ரேபிஸிலிருந்து பிழைப்பது கிட்டத்தட்ட நடக்காத காரியம். அதற்கு முன் முறையாகப் போடும் ஊசி உயிரைக் காப்பாற்றிவிடும்.

கடித்த நாயை 10 நாள் கவனிக்கச் சொல்வார்கள். நோய் உள்ள நாயின் எச்சிலில் கிருமி வரத் தொடங்கிய சில நாளிலேயே அது நோயைக் காட்டி இறந்துவிடும். 10 நாள் கழித்தும் நன்றாக இருந்தால், கடித்த அன்று அதன் எச்சிலில் கிருமி இல்லை. ஆனால் இதைக் காரணம் காட்டி ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. ஊசியும் கவனிப்பும் ஒன்றாகவே நடக்கட்டும். குட்டி கடித்தாலும் இதேதான், குட்டிக்கு ரேபிஸ் வராது என்பது வெறும் பேச்சு. தாடை தொங்கி எச்சில் வழிய, தள்ளாடி நடக்கும் நாயை நீங்களாகப் பிடிக்கவே வேண்டாம்.

இந்த வேலையை அடிக்கடி செய்பவர்கள் கடிபடுவதற்கு முன்பே தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம், மருத்துவரிடம் கேளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் நானே என்னென்ன பார்க்கலாம்?

மேலுதட்டை மெல்லத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் 2 நொடிக்குள் பழைய நிறத்துக்குத் திரும்ப வேண்டும். காகிதம் போல வெளுத்திருந்தால் ரத்தம் குறைந்திருக்கிறது. காரணம் உண்ணிக்காய்ச்சலாகவோ கொக்கிப்புழுவாகவோ இருக்கலாம், எதுவானாலும் அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டிய விஷயம். மஞ்சளாக இருந்தால் இன்னும் அவசரம். பிடரித் தோலைக் கிள்ளித் தூக்கிவிட்டால் சட்டென்று படிய வேண்டும். கூடாரம் போல நின்றால் உடம்பில் நீர் இல்லை. ஆனால் எலும்பும் தோலுமாக இருக்கும் நாய்க்குத் தோல் எப்படியும் மெதுவாகத்தான் படியும், அதனால் ஈறு ஈரமாக இருக்கிறதா, ஒட்டுகிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். நாயின் உடல் வெப்பம் ஏறக்குறைய 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். நம் கைக்குச் சூடாகத் தெரிவதால் மட்டும் காய்ச்சல் என்று சொல்லிவிட முடியாது.

அப்புறம் மறைவான இடங்கள்: விரல் இடுக்கு, காதின் உள்மடிப்பு, வாலுக்கு அடி. கெட்ட வாடை வந்தால் புழு வைத்த புண் எங்கோ இருக்கிறது. வெளியே சின்னத் துளையாகத் தெரியும், உள்ளே பெரிய குகை இருக்கும். அதைக் கால்நடை மருத்துவரே சுத்தம் செய்யட்டும்.

நமக்குப் போடும் பாராசிட்டமால், ஐபுபுரோஃபென் எதையும் கொடுக்காதீர்கள். வலியில் துடிக்கிறதே என்று கொடுத்த மாத்திரையால் இறந்த நாய்கள் உண்டு.

எலும்பு தெரிய மெலிந்திருக்கிறது. வயிறு நிறையப் போடலாமா?

இங்குதான் பாசம் ஆபத்தாகிறது. பல நாள் பட்டினி கிடந்த உடம்பு தன் கொழுப்பையும் தசையையும் கரைத்து ஓடிக்கொண்டிருக்கும். திடீரென்று நிறையச் சாப்பாடு, அதுவும் மாவுச்சத்து, உள்ளே போனால் இன்சுலின் ஏறும். ரத்தத்தில் இருக்கும் கொஞ்சநஞ்ச பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் எல்லாம் செல்களுக்குள் இழுக்கப்பட்டுவிடும். இதயமும் நரம்பும் தடுமாறி, சாப்பிட்ட நாய் அடுத்த சில நாட்களில் சரிந்துவிழும். பட்டினியைத் தாங்கிய நாய் சாப்பாட்டால் சாவது இப்படித்தான்.

அதனால் முதல் மூன்று நாள் அதன் தேவையில் நாலில் ஒரு பங்கு மட்டும். பிறகு பாதி, பிறகு முக்கால், சுமார் 10 நாளில் முழு அளவு. ஒரு நாள் அளவை ஐந்தாறு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். கொழுப்பும் புரதமும் உள்ள, எளிதில் செரிக்கும் உணவு நல்லது. தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். எலும்புக்கூடாக இருக்கும் நாய் என்றால் இதை வீட்டுக் கணக்கில் செய்யாமல் மருத்துவர் கண்காணிப்பில் செய்யுங்கள்.

வெங்காயம், பூண்டு, திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட், சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் சைலிட்டால் கலந்த இனிப்பு, வேகவைத்த எலும்பு ஆகியவை கூடாது. பால் பல நாய்களுக்கு வயிற்றுப்போக்கைத்தான் தரும்.

முடியெல்லாம் கொட்டிச் சொறியாக இருக்கிறது. எங்களுக்கும் ஒட்டுமா?

எந்தச் சொறி என்பதைப் பொறுத்தது. இரண்டு வகை முக்கியம். ஒன்று சார்கோப்டிக் சொறி, கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சி தோலைத் துளைப்பதால் வருவது. காது விளிம்பு, முழங்கை, கணுக்காலில் தடித்த பொருக்கு, தூங்கவிடாத அரிப்பு. காது விளிம்பை விரலால் தேய்த்துப் பாருங்கள், பின்னங்கால் தானாகச் சொறிய ஆரம்பித்தால் இதுவாக இருக்க வாய்ப்பு அதிகம். இது மற்ற நாய்களுக்கு ஒட்டும். நமக்கும் கையிலும் இடுப்பிலும் அரிப்பு வரும். ஆனால் அந்தப் பூச்சி மனிதத் தோலில் நிலைத்துப் பெருகாது, நாய் குணமானால் நமக்கும் அடங்கிவிடும்.

இன்னொன்று டெமோடெக்ஸ். கண்ணைச் சுற்றி, வாயோரம், முன்பாதத்தில் தொடங்கும். பெரும்பாலும் தாயிடமிருந்து பிறந்த சில நாளில் வந்த பூச்சி, எதிர்ப்புச் சக்தி குறையும்போது பெருகுகிறது. நமக்கு ஒட்டாது. தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். இரண்டுக்கும் இப்போது நல்ல மாத்திரைகள் இருக்கின்றன. வண்டி எண்ணெய், மண்ணெண்ணெய் பூசும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், நாய் அதை நக்கும், தோல் வெந்துபோகும். யாரோ சொன்ன அளவில் ஐவர்மெக்டின் என்ற பூச்சி மருந்தைப் போடுவதும் வேண்டாம். கோலி (Collie), ஆஸ்திரேலியன் ஷெப்பர்ட் போன்ற இனங்களில் சில நாய்களுக்கு மரபணுக் குறையால் அது மூளைக்குள் போய் நஞ்சாகிவிடும், கலப்பினத்தின் தாத்தா யார் என்று நமக்குத் தெரியாது.

சொறி நாய்க்குப் படம் எடுத்து வையுங்கள். இரண்டு மாதத்தில் முடி முளைத்த பிறகு அதே நாய் என்று நம்பவே முடியாது. வீடு தேடும்போது அந்தப் பழைய படம் பெரிய உதவி.

குளிப்பாட்டலாமா?

முதல் நாளே வேண்டாம். புது இடம், புது ஆட்கள், கூடவே தண்ணீர் என்றால் உங்களைக் கண்டாலே ஒளியும். ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

உண்ணி உடம்பெல்லாம் இருக்கிறது.

நசுக்காதீர்கள், எண்ணெய் ஊற்றாதீர்கள், தீ வைக்காதீர்கள். குறட்டால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுங்கள். நூற்றுக்கணக்கில் இருந்தால் ஒவ்வொன்றாகப் பிடுங்குவது நடக்காது, மருந்துதான். நாய்மேல் தெரிவது கொஞ்சம். பழுப்பு நாய் உண்ணி தன் ஆயுளில் பெரும்பகுதியை நாய்மேல் கழிப்பதில்லை, சுவர் விரிசலிலும் படுக்கை மடிப்பிலும்தான் கழிக்கிறது. அதனால் நாய்க்கு மட்டும் மருந்து போட்டுவிட்டு 'மறுபடியும் வந்துவிட்டது' என்று சொல்வதில் பயனில்லை, இடத்தையும் சுத்தம் செய்ய வேண்டும். நாய்க்கான பெர்மெத்ரின் என்ற உண்ணி மருந்து பூனைக்கு விஷம், வீட்டில் பூனை இருந்தால் கவனம்.

உண்ணி எர்லிச்சியா, பேபிசியா போன்ற நோய்களைப் பரப்பும். சாப்பிடாமல் சோர்ந்திருந்தால், மூக்கில் ரத்தம் வந்தால், சிறுநீர் கருஞ்சிவப்பாக இருந்தால் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

எங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒரு நாய் இருக்கிறது.

முதல் இரண்டு வாரம் இரண்டும் சந்திக்கவே கூடாது. தனி அறை, தனித் தட்டு, அந்த அறைக்குள் நீங்கள் போடத் தனிச் செருப்பு. டிஸ்டெம்பர், பார்வோ போன்ற தொற்றுநோய்கள் வந்த அன்றே தெரிவதில்லை. பார்வோ கிருமி உடம்பில் புகுந்து ஒரு வாரம் கழித்துத்தான் வாந்தியும் ரத்தப்பேதியும் தொடங்கலாம். அந்தக் கிருமி தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். சாதாரண சோப்புக்கு அசையாது. ஒரு பங்கு பிளீச்சில் 30 பங்கு தண்ணீர் கலந்து, தரையில் 10 நிமிடம் ஈரமாக இருக்க விட்டுக் கழுவ வேண்டும். உங்கள் நாயின் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அறிமுகம் வீட்டு வாசலில் வேண்டாம். இரண்டுக்கும் பொதுவான வெளியிடத்தில், ஆளுக்கொரு நாயாகப் பிடித்துக்கொண்டு, இடைவெளி விட்டு ஒரே திசையில் நடங்கள். முகத்துக்கு முகம் நிறுத்த வேண்டாம். சாப்பாட்டுத் தட்டையும் பொம்மையையும் முதல் மாதம் நடுவில் போடாதீர்கள்.

மூலையில் ஒடுங்கிக் கிடக்கிறது. இரண்டு நாளாக எதுவும் சாப்பிடவில்லை.

பயமா நோயா என்பதை முதலில் பிரிக்க வேண்டும், அது மருத்துவர் வேலை. குட்டியாக இருந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள். நோய் இல்லை என்று தெரிந்தால், நீங்கள் செய்ய வேண்டியது மிகக் குறைவு. ஓர் அறை, ஒளிந்துகொள்ள ஒரு பெட்டியோ மேசையின் அடியோ, தண்ணீர், அமைதி. அறைக்குள் போய் அதைப் பார்க்காமல் உட்கார்ந்து ஏதாவது படித்துக்கொண்டிருங்கள். நல்ல தின்பண்டம் ஒன்றைப் பக்கத்தில் போட்டுவிட்டு வந்துவிடுங்கள். உறவினரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டும் ஆசை எல்லோருக்கும் வரும், அதைத் தள்ளிப்போடுங்கள்.

மூன்று நாளில் மூச்சு விடும், மூன்று வாரத்தில் வீட்டின் ஒழுங்கு புரியும், மூன்று மாதத்தில் தன் குணத்தைக் காட்டும் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். தோராயம்தான், ஆனால் நடைமுறையில் பெரும்பாலும் ஒத்துப்போகிறது. முதல் வாரத்தில் பார்த்த 'அமைதியான நாய்' வெறும் உறைந்துபோன நாயாக இருக்கலாம்.

உறுமுகிறது. அதட்டி அடக்கலாமா?

உறுமல் ஒரு நல்ல பழக்கம். 'எனக்குப் பிடிக்கவில்லை, விலகு' என்று சொல்லிவிட்டுத்தானே கடிக்கிறது? அதட்டி உறுமலை நிறுத்திவிட்டால் நாளை சொல்லாமல் கடிக்கும். உறுமுவதற்கு முன்பே சிறிய அடையாளங்கள் வரும். பசியில்லாமல் உதட்டை நக்குவது, தூக்கமில்லாமல் கொட்டாவி விடுவது, தலையைத் திருப்புவது, கண்ணின் வெள்ளை பிறைபோலத் தெரிவது. அவற்றைக் கண்டதும் விலகப் பழகினால் உறுமல் தேவைப்படாது. எந்த நேரத்தில் உறுமியது, யாரைப் பார்த்து, என்ன கையில் இருந்தது என்று குறித்து வையுங்கள். இந்தக் குறிப்புதான் பின்னால் சரியான வீட்டைத் தேர்ந்தெடுக்க உதவும்.

வீட்டுக்குள்ளேயே சிறுநீர் போகிறது.

தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடியதும் வெளியே கூட்டிப் போங்கள். சரியான இடத்தில் போனதும் அங்கேயே தின்பண்டம் கொடுங்கள். தவறான இடத்தில் போனால் துடைத்துவிட்டு வேலையைப் பாருங்கள். மூக்கைத் தேய்ப்பதால் அது கற்றுக்கொள்ளும் ஒரே பாடம், உங்கள் கண்ணில் படாமல் போக வேண்டும் என்பதுதான்.

கருத்தடை கட்டாயமா? நல்ல வீட்டுக்குத்தானே கொடுக்கிறோம்.

நல்ல வீட்டிலும் ஒரு நாள் கதவு திறந்திருக்கும். நாயின் கர்ப்பகாலம் சுமார் 63 நாள், ஒரு ஈற்றில் ஐந்தாறு குட்டிகள் சர்வசாதாரணம். நீங்கள் இப்போது வளர்த்துக்கொண்டிருக்கும் நாயே அப்படி ஒரு கதவின் விளைவாக இருக்கலாம். முடிந்தவரை கருத்தடை செய்துவிட்டே கொடுங்கள். 'பிறகு செய்துகொள்கிறோம்' என்ற வாக்குறுதி பாதி நேரம் மறந்துபோகும். பெண் நாய்க்குக் கருப்பையில் சீழ் பிடிக்கும் நோயும் வராமல் போகும். தையல் ஆற 10 முதல் 14 நாள், அதுவரை நக்கவிடாமல் கழுத்துக் கூம்பு. ஆண் நாய்க்கு அறுவை ஆன பிறகும் சில வாரம் கருவுறச் செய்யும் திறன் மீதம் இருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

பிறப்புறுப்பிலிருந்து வாரக்கணக்கில் ரத்தம் சொட்டினால் சினைக்காலம் என்று விட்டுவிடாதீர்கள். கட்டுப்பாடில்லாமல் இணையும் தெருநாய்களிடம் பரவும் ஒரு புற்றுக்கட்டி உண்டு, இணையும்போதும் நக்கும்போதும் கட்டியின் செல்களே ஒரு நாயிலிருந்து இன்னொன்றுக்குப் போய் ஒட்டி வளரும். பார்க்கக் கோரமாக இருக்கும். ஆனால் வின்கிறிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து ஊசிக்குப் பெரும்பாலும் முழுமையாகக் கரைந்துவிடும். புற்று என்ற சொல்லைக் கேட்டு நாயைக் கைவிட வேண்டியதில்லை.

வயதை எப்படிச் சொல்வது?

குட்டி என்றால் பல் சொல்லிவிடும். நான்கு மாதத்தை ஒட்டி முன்பற்கள் மாறும், ஐந்து ஆறு மாதத்தில் கோரைப்பல் மாறும், ஏழு மாதத்தில் 42 நிலைப்பற்களும் வந்திருக்கும். அதற்கு மேல் எல்லாம் ஊகம். கல்லைக் கடித்த இரண்டு வயது நாய்க்கு எட்டு வயதுப் பல் இருக்கும். 'சுமார்' என்று போட்டே எழுதுங்கள்.

எப்போது வீடு தேட ஆரம்பிக்கலாம்?

உடம்பு தேறி, தடுப்பூசி தொடங்கி, குடற்புழு நீக்கி, கருத்தடை புண் ஆறிய பிறகு என்பது மருத்துவக் கணக்கு. என் கணக்கில் இன்னொன்றும் உண்டு: வருபவர் கேட்கும் கேள்விகளுக்கு 'தெரியாது' என்று சொல்லும் நிலை குறைந்த பிறகு. தனியாக விட்டால் என்ன செய்யும்? குழந்தை ஓடினால்? தட்டில் கை வைத்தால்? இடிச் சத்தத்துக்கு? காரில் வாந்தி எடுக்குமா? நமக்கே தெரியாத நாயைப் பொருத்தமான வீட்டில் சேர்ப்பது குருட்டு அதிர்ஷ்டம்தான்.

குட்டிகளுக்கு மட்டும் அதிக நாள் இழுக்க வேண்டாம். மூன்று வாரத்திலிருந்து சுமார் 14 வாரம்வரைதான் உலகத்தைப் பயமின்றிப் பழகும் காலம். அதன் ஒரு பகுதியாவது புது வீட்டில் கழியட்டும்.

விளம்பரத்தில் என்ன எழுதுவது?

அடிக்கடி கண்ணில் படுவது இப்படி இருக்கும்: 'வாயில்லா ஜீவன். இன்றைக்குள் யாரும் எடுக்காவிட்டால் மறுபடி தெருதான். இதயமுள்ளவர்கள் தொடர்பு கொள்ளவும்.' இதைப் படித்து வருபவர் இரக்கத்தில் வருவார். இரக்கம் முதல் செருப்பு கிழியும்வரை நிற்கும்.

இப்படி எழுதிப் பாருங்கள்: 'செம்மண் நிறப் பெண் நாய், சுமார் 2 வயது, நடுத்தர உயரம். கருத்தடையும் தடுப்பூசியும் ஆகிவிட்டது. சொறி முழுக்கக் குணமாகிவிட்டது, பழைய படமும் இருக்கிறது. பெரியவர்களிடம் ஒட்டும். தொப்பி போட்ட ஆட்களைக் கண்டால் குரைக்கும், பத்து நிமிடத்தில் அடங்கும். பூனையைத் துரத்தும், பூனை உள்ள வீட்டுக்கு ஆகாது. நான்கு மணி நேரம் தனியாக இருக்கும், அதற்கு மேல் விட்டுப் பார்த்ததில்லை. காலையில் நடக்கப் போகாவிட்டால் செருப்பைக் கடிக்கும்.'

இரண்டாவதற்கு அழைப்பு குறைவாகத்தான் வரும். வருகிற அழைப்பு உருப்படியாக இருக்கும். படத்தைக் குனிந்து, நாயின் கண்மட்டத்தில், பகல் வெளிச்சத்தில் எடுங்கள். கம்பிக்குப் பின்னால் நிற்கும் படம் வேண்டாம். கறுப்பு நாய் என்றால் வெளிர் நிறப் பின்னணி, இல்லாவிட்டால் படத்தில் இரண்டு கண் மட்டும்தான் தெரியும். நடப்பது, சாப்பிடுவது தெரிய ஒரு சின்ன வீடியோ பத்துப் படத்துக்குச் சமம்.

கேட்டு வருபவரிடம் என்ன விசாரிப்பது?

போலீஸ் விசாரணை போல வேண்டாம், பேச்சோடு பேச்சாகக் கேளுங்கள். வீட்டில் எல்லோருக்கும் சம்மதமா? வாடகை வீடென்றால் உரிமையாளருக்குத் தெரியுமா? பகலில் யார் இருப்பார்கள்? வெளியூர் போனால் என்ன ஏற்பாடு? இதற்கு முன் வளர்த்த நாய் என்ன ஆனது? இந்தக் கடைசிக் கேள்விக்கு வரும் பதிலை மட்டும் உன்னிப்பாகக் கேளுங்கள். 'வயதாகி இறந்தது, இன்னும் கழுத்துப்பட்டையை எடுத்து வைத்திருக்கிறோம்' என்பது ஒரு பதில். 'எங்கேயோ ஓடிப்போச்சு, அதற்கு முன்னால் ஒன்று, அதுவும் ஓடிப்போச்சு' என்பது இன்னொரு பதில்.

'குழந்தைக்குப் பிறந்தநாள் பரிசாக, சர்ப்ரைஸ்' என்று வந்தால் பணிவாக மறுத்துவிடலாம். 'காவலுக்கு' என்றால் எங்கே கட்டிவைப்பீர்கள், எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள். முடிந்தால் ஒருமுறை வீட்டைப் போய்ப் பாருங்கள். வசதியைப் பார்ப்பதைவிட மதில் உயரத்தையும், கேட்டின் அடியில் உள்ள இடைவெளியையும், மாடிக் கைப்பிடிச் சுவரையும் பாருங்கள். சின்ன வீடு ஒரு குறையே இல்லை. நாய்க்கு வேண்டியது நடையும் துணையும்.

பணம் வாங்கலாமா?

தடுப்பூசி, கருத்தடைச் செலவில் ஒரு பகுதியைக் கேட்பதில் தவறில்லை. 'இலவசம்' என்று போட்டால் யோசிக்காதவர்களும், வாங்கி வேறு கைக்கு மாற்றுபவர்களும் வருவார்கள். விலை மாதிரித் தெரியக் கூடாது, அவ்வளவுதான்.

எழுதி வாங்க வேண்டுமா?

ஆம், ஒரு பக்கம் போதும். இரு தரப்புப் பெயர், நாயின் அடையாளம், மருத்துவ விவரம், வேறு யாருக்கும் கொடுக்காமல் முடியாதபோது உங்களிடமே திருப்பித் தர வேண்டும் என்ற வரி. சிப் இருந்தால் அதற்குப் பதிவான பெயரையும் தொலைபேசி எண்ணையும் அன்றே மாற்றுங்கள், மாற்றாத சிப்பால் ஒரு பயனும் இல்லை.

கொடுக்கும் நாளில் கவனிக்க வேண்டியது?

தப்பி ஓடுவதுதான் பெரிய ஆபத்து. புது வீட்டின் முதல் சில நாட்களில் திறந்த கதவு ஒன்று போதும், வழி தெரியாமல் ஓடிவிடும். கழுத்துப்பட்டை, ஹார்னஸ் (மார்பைச் சுற்றி மாட்டும் பட்டை) இரண்டையும் மாட்டி இரண்டிலும் கயிறு கோத்துக் கொடுங்கள். பின்வாங்கும் நாய் ஒன்றிலிருந்து நழுவினாலும் மற்றது பிடிக்கும். பட்டைக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும், அதற்கு மேல் தளர்வு கூடாது. புதியவரின் எண் எழுதிய அட்டை முன்கூட்டியே மாட்டியிருக்கட்டும். சில வாரம் வெளியில் கயிற்றை அவிழ்க்கவே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

துவைக்காத படுக்கைத் துணி, ஒரு வாரத்துக்கான அதே சாப்பாடு, மருத்துவக் காகிதம், நீங்கள் பயன்படுத்திய கட்டளைச் சொற்கள் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுங்கள். நீங்கள் 'உட்கார்' என்று பழக்கியதை அவர்கள் 'சிட்' என்றால் நாய் முழிக்கும்.

திருப்பித் தந்துவிட்டார்கள். நான் தவறாகக் கொடுத்துவிட்டேனோ?

திரும்பி வந்தது நல்ல செய்தி. வராமல் தெருவுக்குப் போயிருக்கலாம் அல்லவா? கோபப்படாமல் வாங்கிக்கொண்டு, என்ன நடந்தது என்று விவரமாகக் கேளுங்கள். அந்த வீட்டில் தெரிந்த குணம் உங்கள் வீட்டில் தெரிந்திருக்காது. அடுத்த விளம்பரத்தில் ஒரு வரி கூடும்.

மாதக்கணக்கில் யாரும் கேட்கவில்லை.

வளர்ந்த நாய், கறுப்பு நாய், காலில் ஊனம் உள்ள நாய், எல்லாவற்றுக்கும் நாளாகும். படத்தை மாற்றுங்கள், எழுத்தை மாற்றுங்கள், வேறொருவர் வீட்டில் சில வாரம் வைத்துப் பாருங்கள். புதிய வட்டத்துக்குச் செய்தி போகும். வயதான தம்பதிக்கு ஓடியாடும் குட்டியைவிட ஆறு வயது நாய்தான் பொருத்தம், ஆனால் அவர்கள் கேட்டு வருவது குட்டியைத்தான். அவர்களிடம் பேசிப் பாருங்கள்.

எனக்கே கொடுக்க மனம் வரவில்லை.

வைத்துக்கொள்ளலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் உங்கள் வீட்டில் ஓர் இடம் நிரந்தரமாக நிறைந்துவிடும், அடுத்த நாயை எடுக்க முடியாமல் போகலாம். பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கான செலவும் நேரமும் உங்களிடம் இருக்கிறதா என்று, வேறொருவரிடம் கேட்ட அதே கேள்விகளை உங்களிடமும் கேட்டுப் பாருங்கள்.

கொடுத்த பிறகு போய்ப் பார்க்கலாமா?

முதல் மாதம் வேண்டாம். உங்களைக் கண்டதும் கூடவே கிளம்பப் பார்க்கும், அந்த வீட்டில் தொடங்கிய பழக்கம் கலைந்துவிடும். மறுநாள் ஒரு போன், முதல் வாரக் கடைசியில் ஒன்று, மாதம் ஆனதும் ஒன்று. 'எப்படி இருக்கிறது?' என்று கேட்டால் 'நன்றாக இருக்கிறது' என்றுதான் பதில் வரும். ராத்திரி எங்கே படுத்தது, காலையில் சாப்பிட்டதா, மலம் கெட்டியாக இருக்கிறதா என்று கேளுங்கள். அடுத்த தடுப்பூசித் தேதியை உங்கள் நாட்காட்டியிலும் குறித்துக்கொண்டு, இரண்டு நாள் முன்னதாக நினைவூட்டுங்கள்.